காயத்துக்குக் கைதட்டுகிறவர்கள்

போன வருடம் ஒருநாள் இரவு ஒரு மணிக்கு நண்பன் போன் செய்தான். அவனும் என்னைப் போல ஐடிக்காரன், கவிதை எழுதுகிறவன். ஒன்றரை வருடமாக மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தான். "மாத்திரையை நிறுத்திட்டேன்டா" என்றான். ஏன் என்று கேட்டேன். "அதைப் போட ஆரம்பிச்சதுல இருந்து ஒரு வரி வரல. தூக்கம் வருது, பசிக்குது, ஸ்டாண்டப் மீட்டிங்ல டைமுக்கு வந்து உக்கார்றேன். கவிதை மட்டும் வரல." கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவனே கேட்டான்: "ஸ்ப்ரிங்ஸ்டீன் அப்போ மாத்திரை போட்டிருந்தா நெப்ராஸ்கா வந்திருக்குமா? நீயே சொல்லு."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி கடினமானது என்பதால் அல்ல, அந்த ஆல்பத்தை அவனுக்குக் கொடுத்ததே நான்தான் என்பதால். என்ன சொல்லிக் கொடுத்தேன் என்பதும் நன்றாக நினைவிருக்கிறது. "மனுஷன் செம டிப்ரஷன்ல, தனியா ஒரு பெட்ரூம்ல உக்காந்து, கேசட்ல பாடி வெச்சது. அவ்வளவு ராவா இருக்கும், கேளு." ஒரு கலைப்படைப்பைப் பற்றி நான் சொன்னதிலேயே மிகச் சோம்பேறித்தனமான வாக்கியம் அதுதான். அந்த வாக்கியத்தை என் நண்பன் நம்பிவிட்டான்.

இந்தக் கட்டுரை அன்று இரவு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். கொஞ்சம் கோபமாக இருக்கும். கோபத்தில் பாதி என்மேல்தான்.

*

முதலில் தெரிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1980இல் வெளிவந்த 'தி ரிவர்' ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் முதல் நம்பர் ஒன் ஆல்பம். அதற்கான நீண்ட சுற்றுப்பயணம் 1981 செப்டம்பரில் முடிகிறது. வயது முப்பத்திரண்டு. அடுத்து என்ன செய்தாலும் உலகப் புகழ் என்கிற நிலை. ஆள் நியூ ஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்கிறார். இரவில் காரை எடுத்துக்கொண்டு, சிறுவயதில் வாழ்ந்த ஃப்ரீஹோல்ட் ஊருக்குப் போய், பழைய வீடுகளின் முன்னால் சுற்றிச் சுற்றி வருகிறார். 1982 ஜனவரி 3ஆம் தேதி, படுக்கையறையில் ஒரு நான்கு தட ரெக்கார்டரை வைத்துக்கொண்டு பாடத் தொடங்குகிறார். கிட்டார், மவுத் ஆர்கன், மாண்டலின், எல்லாம் அவரே. பாடல்களில் பெரும்பகுதி அந்த ஒரே நாளில் பதிவானது. அந்த கேசட்தான் செப்டம்பர் 30 அன்று 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் வெளிவந்தது.

இது எல்லாமே உண்மை. பிரச்சனை, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்கிற நீதியில் இருக்கிறது. தனிமை, துயரம், ஒரு மைக், உடனே மகத்தான கலை. இன்ஸ்டன்ட் காபி தயாரிப்பது மாதிரி. இந்தச் சமன்பாட்டில் விட்டுப்போன ஒரே விஷயம், அந்த ஆள் செய்த வேலை.

வேலை என்று நான் எதைச் சொல்கிறேன்? அந்த அறைக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம்.

அங்கே இருந்தது டியாக் 144 போர்ட்டாஸ்டுடியோ. 1979இல் சந்தைக்கு வந்தது. சாதாரண ஆடியோ கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியவைத்த முதல் இயந்திரம். அதை வாங்கி வந்து பொருத்திக்கொடுத்தவர் மைக் பாட்லன், ஸ்ப்ரிங்ஸ்டீனின் கிட்டார் டெக்னீஷியன். இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகள். எதிரொலிக்கு ஒரு எக்கோப்ளெக்ஸ். நான்கு தடங்களையும் கலந்து இறக்கியது ஒரு பானசோனிக் பூம்பாக்ஸில். அந்தப் பூம்பாக்ஸ் ஏற்கெனவே ஒருமுறை தண்ணீரில் விழுந்து செத்துப் பிழைத்தது என்பார்கள்.

இதெல்லாம் எதற்கு? ஆல்பம் போடுவதற்கு இல்லை. ஸ்டுடியோவில் வாடகை மீட்டர் ஓட ஓட உட்கார்ந்து பாட்டு எழுதி அவருக்கு அலுத்துவிட்டது. வீட்டிலேயே எழுதி, பதிந்து, எந்தப் பாட்டு நிற்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு இ ஸ்ட்ரீட் பேண்டுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று திட்டம். எங்கள் பாஷையில் சொன்னால், ப்ரோட்டோடைப். நேரத்தையும் காசையும் மிச்சம் பிடிக்க ஒருவர் யோசித்துச் செய்த ஏற்பாடு. கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்கு யாரும் நான்கு தட ரெக்கார்டர் வாங்கச் சொல்வதில்லை.

*

இப்போது பாடல்களுக்கு வருவோம். 'ரா', 'பெர்சனல்', 'டைரி மாதிரி' என்றெல்லாம் நாம் சொல்கிற இந்த ஆல்பத்தில் பேசுகிறவர்கள் யார் யார்?

முதல் பாடலில் பேசுவது சார்லஸ் ஸ்டார்க்வெதர். பத்தொன்பது வயதுக் கொலைகாரன். பதினான்கு வயது கேரில் ஆன் ஃப்யூகேட்டைக் கூட்டிக்கொண்டு 1958 ஜனவரியில் நெப்ராஸ்காவிலும் வயோமிங்கிலும் பத்துப் பேரைக் கொன்றவன். அடுத்த வருடம் மின்சார நாற்காலியில் செத்தவன். ஸ்ப்ரிங்ஸ்டீன் இவனிடம் வந்தது டெரன்ஸ் மாலிக்கின் 'பேட்லாண்ட்ஸ்' படம் வழியாக. பார்த்ததோடு விடவில்லை. வழக்கைப் பற்றிய புத்தகத்தைத் தேடிப் படித்தார். அதை எழுதியவர்களில் ஒருவரான நினெட் பீவர் என்ற ஒமஹா செய்தியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார். பாட்டுக்கு முதலில் வைத்த பெயரே 'ஸ்டார்க்வெதர்'. பிறகு அதை 'நான்' என்று தன்மையில் மாற்றிப் பாடினார். பாட்டில் வருகிற அந்த 'நான்' ப்ரூஸ் இல்லை.

'ஜானி 99'இல் பேசப்படுவது வேலை போன ஒரு கார்த் தொழிலாளி. மாவாவில் ஃபோர்டு தொழிற்சாலை மூடப்பட்டது 1980இல். பாட்டு அங்கிருந்து தொடங்குகிறது. குடித்துவிட்டு இரவுப் பணியில் இருந்த ஒரு குமாஸ்தாவைச் சுட்டுவிடுகிறான். நீதிபதி 98 வருடத்தோடு இன்னொரு வருடம் சேர்த்துப் போட்டு 99 ஆக்குகிறார். அவன் நீதிமன்றத்தில் தன் கடன்களைச் சொல்கிறான், வங்கி வீட்டைப் பிடுங்கப்போவதைச் சொல்கிறான். அதனால் நான் நிரபராதி என்று மட்டும் சொல்ல மறுக்கிறான். 1982 கடைசியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 சதவீதம் வரை போனது. அந்த எண்ணுக்குள் இருந்த ஒரு ஆளின் குரலை, தன் சொந்தச் சோகத்தில் மட்டும் மூழ்கியிருக்கிற ஒருவரால் கேட்டிருக்க முடியாது. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ஹைவே பேட்ரோல்மேன்' எனக்கு இந்த ஆல்பத்திலேயே பிடித்தது. ஜோ ராபர்ட்ஸ் ஒரு நேர்மையான போலீஸ்காரர். தம்பி ஃப்ராங்கி சரியில்லை. ஒருநாள் இரவு ஃப்ராங்கி ஒருவனை மோசமாக அடித்துவிட்டு ஓடுகிறான். ஜோ காரில் துரத்துகிறார். கனடா எல்லை நெருங்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, தம்பியின் காருடைய பின்விளக்குகள் மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான். நீதியா ரத்தமா என்ற கேள்விக்குப் பாடல் தீர்ப்பு சொல்லவில்லை. இத்தனைக்கும் நடுவில் கோதுமை விலை விழுந்தது, விவசாயம் செய்ததால் ஜோவுக்குப் பட்டாளத்திலிருந்து கிடைத்த விலக்கு, கல்யாணம் எல்லாம் வந்துவிடுகிறது. ஒரு நாவலாசிரியர் நூறு பக்கத்தில் செய்வதை ஆறு நிமிடத்துக்குள் செய்திருக்கிறார். ஷான் பென் இதை வைத்து ஒரு முழுப் படமே எடுத்தார், 1991இல், 'தி இந்தியன் ரன்னர்'.

சரி, சொந்தக் கதையே இல்லையா என்றால், இருக்கிறது. 'யூஸ்ட் கார்ஸ்', 'மேன்ஷன் ஆன் தி ஹில்', 'மை ஃபாதர்ஸ் ஹவுஸ்' மூன்றிலும் அப்பா இருக்கிறார், ஃப்ரீஹோல்ட் இருக்கிறது. அவற்றைக் கவனித்துக் கேளுங்கள். 'யூஸ்ட் கார்ஸ்' பையன் என்ன செய்கிறான்? அழவில்லை. அம்மா கல்யாண மோதிரத்தைத் தடவுவதைப் பார்க்கிறான். விற்பனையாளன் அப்பாவின் கைகளையே பார்ப்பதைப் பார்க்கிறான். பழைய காரை வாங்கி வருகிறபோது தெருவே வேடிக்கை பார்ப்பதைப் பார்க்கிறான். அவமானம் என்ற சொல் தேவைப்படவே இல்லை. ஃப்ளானரி ஓ'கானரின் கதைகளை அந்தக் காலத்தில் விழுந்து விழுந்து படித்ததாக ஸ்ப்ரிங்ஸ்டீனே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். படித்ததன் பலன் இங்கே தெரிகிறது. உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைக்காமல், பொருட்களையும் கைகளையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

'ஸ்டேட் ட்ரூப்பர்' கடைசியில் வரும் அந்த அலறலைக் கேட்டுவிட்டு "பாரு, எப்படி உடைஞ்சு போயிருக்கான்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். சூயிசைட் என்ற நியூயார்க் இருவர் குழு 1977இல் வெளியிட்ட 'ஃப்ராங்கி டியர்ட்ராப்' பாடலைக் கேட்டால், அந்த அலறல் எங்கே படித்தது என்று புரியும். அலறலுக்குக்கூட ஒரு வாசிப்பு பின்னால் இருக்கிறது. அதனால் அது பொய்யாகிவிடுமா? இல்லவே இல்லை. தன் இருட்டுக்கு ஒரு வடிவம் தேடிப்போய், கிடைத்ததைக் கற்றுக்கொண்டு, தன் பாட்டில் வைத்தார்.

*

அடுத்து நடந்தது என் போன்றவர்கள் எப்போதும் தாண்டிப்போகிற பகுதி. திட்டப்படி அந்தப் பாடல்களை எடுத்துக்கொண்டு 1982 வசந்தத்தில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். முழு இசைக்குழுவோடு பதிவு செய்தார்கள். சில பாடல்கள் பறந்தன. 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' என்ற பாடல் அதே வீட்டுப் பதிவுகளிலிருந்து வந்ததுதான். அது பேண்டோடுதான் உயிர்பெற்றது. மற்றவை பேண்டோடு நன்றாக இருந்தன, ஆனால் பாட்டுக்குள் இருந்த ஆள் காணாமல் போனார். அந்தப் பதிவுகளை 2025 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட பதிப்பில் வெளியிட்டார்கள். கேட்டேன். மோசமில்லை. அதுதான் முக்கியம். மோசமாக இருந்திருந்தால் தூக்கிப் போடுவது சுலபம்.

நன்றாக இருக்கிற ஒன்றை, நல்ல ஸ்டுடியோவில் நல்ல கலைஞர்கள் வாசித்ததை, வேண்டாம் என்று வைத்துவிட்டு, உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்த கேசட்டைத்தான் வெளியிட வேண்டும் என்று முடிவெடுப்பது ஒரு தீர்ப்பு. பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாக எடுத்த தீர்ப்பு. இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டு, எது உண்மை என்று காதைத் தீட்டிக்கொண்டு சொல்வது. மனச்சோர்வு இருக்கும்போது எந்தச் சட்டையைப் போடுவது என்றே முடிவெடுக்க முடியாது என்று என் நண்பன் சொல்வான். ஆக, இந்த முடிவு நோய்க்கு மீறி எடுத்தது. நோய்க்கு அதில் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லை.

முடிவெடுத்த பிறகும் வேலை தீரவில்லை. அந்த கேசட்டில் இரைச்சல், ஒலி அளவு குறைவு. அதிலிருந்து எல்பி தட்டு வெட்டுவது சாதாரண விஷயமில்லை. சக் ப்ளாட்கின், டோபி ஸ்காட் போன்றவர்கள் வெவ்வேறு இடங்களில் முயன்று முயன்று தோற்று, கடைசியில்தான் மாஸ்டரிங் கைகூடியது. ஒரு தனி மனிதன் தன் அறையில் பாடுவதுபோல நம் காதில் விழ வேண்டும் என்பதற்காக, பல பேர் பல வாரங்கள் உழைத்திருக்கிறார்கள். மேலாளர் ஜான் லாண்டாவுக்கு வேறு மாதிரி ஆசை வந்திருக்கலாம், அடுத்த பெரிய ஹிட் வேண்டும் என்று நின்றிருக்கலாம். அவர் கூட நின்றார். இதையெல்லாம் மறைத்துவிட்டு 'தனியாக உட்கார்ந்து' என்று நான் சொன்னேனே, அது அவர்கள் எல்லோருக்கும் செய்த அநியாயம்.

அட்டையைப் பாருங்கள். கார்க் கண்ணாடி வழியாகத் தெரிகிற ஒரு சாலை, மேகம், கறுப்பு வெள்ளை. அவர் முகம் இல்லை. 'அட்லாண்டிக் சிட்டி' வீடியோவிலும் அவர் இல்லை. ஆல்பத்துக்காகச் சுற்றுப்பயணம் போகவில்லை. துயரத்தை விற்கிற ஆள் செய்கிற காரியமா இது? பாட்டில் இருக்கிறவர்கள் முன்னால் நிற்கட்டும் என்று தான் பின்னால் நகர்ந்துகொண்டார். நாம்தான் அவரைப் பிடித்து இழுத்து வந்து, "நீ எவ்வளவு கஷ்டப்பட்ட, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

*

ஆனால் அவர் கஷ்டப்பட்டாரே, அந்தக் கஷ்டம் இல்லாமல் இந்தப் பாடல்கள் வந்திருக்குமா? நியாயமான கேள்வி. முழுவதும் தள்ளிவிடமாட்டேன். அந்தக் குளிர்காலத்தில் அவர் இருந்த மனநிலைதான் அவரை ஸ்டார்க்வெதரிடமும் ஜானியிடமும் கொண்டுபோய் விட்டது. வாசல்வரை இருட்டு கூட்டிப்போனது, ஒப்புக்கொள்கிறேன். உள்ளே போய் அந்த மனிதர்களோடு உட்கார்ந்து பேசியது இருட்டு இல்லை. அதே மாதிரி குளிர்காலத்தில், அதே மாதிரி இருட்டில், அமெரிக்காவில் லட்சம் பேர் இருந்திருப்பார்கள். யாரிடமிருந்தும் நெப்ராஸ்கா வரவில்லை. பெரும்பாலானவர்களிடமிருந்து எதுவுமே வரவில்லை. மனச்சோர்வு பெரும்பாலும் செய்வது அதைத்தான், எதுவுமே வராமல் பண்ணுவது.

ஸ்ப்ரிங்ஸ்டீனுக்கும் அதுதான் நடக்க இருந்தது. ஆல்பம் முடிந்த பிறகு 1982இல் ஒரு நண்பரோடு கலிஃபோர்னியாவுக்குக் காரில் போகிறார். வழியில் டெக்சாஸில் ஒரு சின்ன ஊர்த் திருவிழா. ஆட்டம் பாட்டம், குடும்பங்கள், குழந்தைகள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே ஏதோ இடிந்து விழுகிறது. 2016இல் வந்த தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்து, லாண்டாவின் உதவியோடு ஒரு மனநல நிபுணரிடம் போய் உட்காருகிறார். பழைய வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காரோட்டும் பழக்கத்தைப் பற்றி அங்கே பேசியதைப் பின்னால் மேடையிலேயே சொல்லியிருக்கிறார். அங்கே ஏதோ தப்பாகிவிட்டது, அதைச் சரிசெய்யப் போகிறீர்கள், ஆனால் அது உங்களால் முடியாது என்று மருத்துவர் சொன்னாராம். பிறகு பல பத்தாண்டுகள் சிகிச்சை. மருந்தும் எடுத்துக்கொண்டார். அவர் அப்பா டக்ளஸுக்கும் வயதான காலத்தில்தான் மனநோய் கண்டறியப்பட்டது. அதுவரை அந்த வீட்டில் அந்த நோய்க்குப் பெயர் இல்லை. அப்பா இருட்டில் சமையலறையில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

அப்பாவுக்கும் அதே துயரம் இருந்தது. அவர் பாட்டு எழுதவில்லை. துயரம்தான் எழுதும் என்றால் முதலில் எழுதியிருக்க வேண்டியது அவர்.

சிகிச்சைக்குப் பிறகு மகனுடைய ஊற்று வற்றிவிட்டதா? 1984இல் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' வந்தது. அது ஆர்ப்பாட்டமான ஆல்பம், கணக்கில் சேர்க்காதே என்பீர்கள். சரி, 1987க்கு வாருங்கள். 'டனல் ஆஃப் லவ்'. அதுவும் வீட்டு ஸ்டுடியோவில், பெரும்பாலான கருவிகளை அவரே வாசித்துப் பதிந்தது. திருமணத்துக்குள் இருக்கிற பயத்தை, தன்னையே நம்ப முடியாத ஒரு கணவனை, அவ்வளவு நுணுக்கமாகப் பாடியிருக்கிறார். பல வருடம் மருத்துவரின் எதிரில் உட்கார்ந்த ஒருவர் பாடிய ஆல்பம் அது. என் நண்பனுடைய கேள்விக்கான பதில் இதில் இருந்தது. என்னிடம் அந்த ஆல்பமும் இருந்தது. கொடுக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் சொல்ல ஒரு சோகக் கதை என்னிடம் இல்லை.

*

இங்கேதான் நம் எல்லோரையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாராவது உடைந்துபோய் நள்ளிரவில் ஏதாவது எழுதிப் போட்டால் நாம் என்ன செய்கிறோம்? "ப்பா, ரணம்" என்று எழுதி ஒரு இதயம் போடுகிறோம். அவரே ஆறு மாதம் கழித்து, நன்றாகத் தூங்கி எழுந்து, ஐந்து முறை திருத்தி, ஒரு பக்கத்து வீட்டு மனிதரைப் பற்றி நல்ல கதை எழுதினால் நாலு லைக். எழுதுகிறவனுக்கு நாம் என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஆறாதே என்கிறோம். ஆறினால் உன்னைப் படிக்கமாட்டோம் என்கிறோம்.

2025இல் நெப்ராஸ்கா உருவான கதையைப் படமாகவே எடுத்துவிட்டார்கள். ஸ்காட் கூப்பர் இயக்கம், ஜெரமி ஆலன் வைட் நடிப்பு. படம் சிகிச்சையையும் காட்டத்தான் செய்கிறது. என் டைம்லைனில் சுற்றியது மட்டும் இருட்டு அறையும் கிட்டாரும் வெறித்த கண்ணும். மருத்துவரின் அறையை ரீல்ஸாக யாரும் வெட்டிப் போடவில்லை. நானும்தான்.

1984 தேர்தல் பிரச்சாரத்தில் ரீகன், நியூ ஜெர்சியில் வந்து நின்று, ஸ்ப்ரிங்ஸ்டீன் பாட்டில் இருக்கிற நம்பிக்கையைப் புகழ்ந்தார். சில நாட்களில் பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்ப்ரிங்ஸ்டீன், ஜனாதிபதிக்குப் பிடித்த ஆல்பம் எதுவாக இருக்கும் என்று யோசித்ததாகவும், அது நெப்ராஸ்காவாக இருக்காது என்று நினைப்பதாகவும் சொல்லிவிட்டு 'ஜானி 99' பாடினார். அந்த ஆல்பத்தை அவர் எதற்காக வைத்திருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். தன் காயத்தைத் திறந்து காட்ட அதை எடுக்கவில்லை. வேலை போன ஒரு தொழிலாளியை ஜனாதிபதியின் எதிரில் கொண்டுவந்து நிறுத்த எடுத்தார்.

என் நண்பன் இரண்டு மாதம் கழித்து மறுபடியும் மருத்துவரிடம் போனான். என் பேச்சால் இல்லை, அவன் அக்கா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று இரவு அவன் கேட்டதற்குப் பதில் இப்போது என்னிடம் இருக்கிறது: வந்திருக்கும்டா, இதே ஆல்பமாக இல்லாமல் போயிருக்கலாம், வேறு ஒன்றாக வந்திருக்கும், ஏனென்றால் எழுதியது அந்த ஆள். இதைச் சொல்வதற்குள் அவனே 'ஹைவே பேட்ரோல்மேன்' கேட்டுவிட்டு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். "அந்த அண்ணன்காரன் வண்டிய நிறுத்தினப்போ என்ன நெனச்சிருப்பான்?"

ஒன்றரை வருடத்தில் அவன் இன்னொருத்தனைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. கவிதை எழுதுகிறாயா என்று நான் கேட்கவில்லை. தூங்கினாயா என்று மட்டும் கேட்டேன்.